கறையும் அது படிந்த தரையும்: உயிரியல் தடயங்களின் நிறமாலை ஆய்வு, செட்டிநாட்டுச் சூழலை முன்வைத்து

குற்றம் நிகழ்ந்த இடத்தில் கிடைக்கும் குருதி, விந்து, உமிழ்நீர், வியர்வை, எலும்பு ஆகியவற்றைத் தடய அறிவியல் உயிரியல் மாதிரிகள் என்று வகைப்படுத்துகிறது. இந்தக் கறை எந்தப் பொருளால் ஆனது, மனிதனுடையதா விலங்கினுடையதா, யாருடையது, எப்போது படிந்தது என்பவையே அவற்றைக் குறித்து நீதிமன்றம் கேட்கும் கேள்விகள். மூன்றாவது கேள்விக்கு டி.என்.ஏ. ஆய்வு ஏறத்தாழ ஐயமற்ற விடையைத் தந்துவிட்டது. மற்றவற்றுக்கான விடைகளோ, கறையின் ஒரு பகுதியைக் கரைத்தும் வினைப்படுத்தியும் செலவழிக்கும் வேதிச் சோதனைகளிலிருந்தே நெடுங்காலம் பெறப்பட்டு வந்தன. ஒளியைக் கறையின்மீது செலுத்தி, அது திருப்பித் தரும் ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்துப் படிக்கும் நிறமாலையியல், மாதிரியைச் செலவழிக்காமலே இக்கேள்விகளை அணுகுகிறது என்பதால்தான் கடந்த கால் நூற்றாண்டில் தடய ஆய்வாளர்களின் கவனம் அதன்பால் திரும்பியது. எனினும் கருவி கறையை மட்டும் படிப்பதில்லை. கறை கிடக்கும் சுவரையும் தரையையும் துணியையும் சேர்த்தே படிக்கிறது. வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புச் சுவரும் இரும்பு ஆக்சைடு நிறமேற்றிய ஆத்தங்குடிக் கல்லும் கண்டாங்கிச் சேலையும் நிறைந்த செட்டிநாட்டில் இந்தப் பின்னணி தனித்த தன்மையுடையது. வேறு நாட்டுச் சோதனைச்சாலைகளில் வெள்ளைப் பருத்தித் துணியிலும் கண்ணாடித் தகட்டிலும் நிறுவப்பட்ட முடிவுகளை இங்கே அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது.

ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை உள்வாங்கும் அல்லது சிதறடிக்கும் என்பதே நிறமாலையியலின் அடிப்படை. கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் புற ஊதாக் கதிரும் மூலக்கூறின் எலக்ட்ரான்களைக் கிளர்த்துகின்றன. அகச்சிவப்புக் கதிர் அணுப் பிணைப்புகளின் அதிர்வைத் தூண்டுகிறது. குருதியின் சிவப்பு நிறத்துக்குக் காரணமான ஹீம் என்னும் இரும்புச் சேர்மம் 415 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளியை மிக வலுவாக உறிஞ்சுகிறது. இதைச் சோரே பட்டை என்பர். ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபினில் 542, 577 நானோமீட்டர்களை ஒட்டி மேலும் இரண்டு பட்டைகள் தெரியும். குருதியைத் தேடும் தடயவியலாளர் ஊதா நிற விளக்கைப் பயன்படுத்துவதும் இதனால்தான்: சுற்றியுள்ள பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்ப, குருதி மட்டும் அதை விழுங்கிக் கருமையாகத் தோன்றுகிறது. விந்துக் கறையோ நீல ஒளி பட்டதும் தானே ஒளிரும். ஆரஞ்சு நிறக் கண்ணாடி அணிந்து பார்த்தால் அந்த ஒளிர்வு தனித்துத் தெரியும்.

இம்முறையின் வேர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உள்ளன. ஜெர்மனியில் ஹோப்பே-சைலர் 1862-இல் குருதியின் உறிஞ்சல் பட்டைகளை விவரித்தார். ஆக்சிஜன் நீக்கப்பட்டால் இரு பட்டைகள் ஒன்றாகின்றன என்பதையும், காற்றோடு குலுக்கினால் மீண்டும் இரண்டாகின்றன என்பதையும் 1864-இல் இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ் காட்டினார். மறு ஆண்டே ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி, நுண்ணோக்கியோடு நிறமாலைக் கருவியை இணைத்து, மிகச் சிறிய குருதிக் கறைகளை அடையாளம் காணும் முறையை வெளியிட்டார். இந்தியாவில் அரசு வேதிப் பரிசோதகர் ஆய்வகம் முதன்முதலாக 1849-இல் சென்னையில் தொடங்கப்பட்டிருந்தது. மாகாணம் முழுவதிலிருந்தும் நஞ்சு வழக்குகளின் உள்ளுறுப்பு மாதிரிகள் அந்த ஆய்வகத்துக்கே வந்தன. இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் முன்னோடி அது.

இந்தத் துறையின் மிக நுட்பமான கருவிக்கு வித்திட்டவர்கள் தமிழ் மண்ணில் பிறந்தவர்கள். திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமனும் திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச் சிதறல், மூலக்கூறின் அதிர்வுகளைப் புலனாகும் ஒளியைக் கொண்டே படிக்க வழி செய்தது. ஒரு பொருளின்மீது ஒற்றை நிற ஒளி விழும்போது, சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ கோடிக்கு ஒன்றே தன் ஆற்றலில் சிறிதை மூலக்கூறிடம் இழந்தோ அதனிடமிருந்து பெற்றோ நிறம் மாறி வெளிவருகிறது. அந்த மாற்றத்தின் அளவே மூலக்கூறின் முத்திரை. இவ்வளவு மெலிந்த ஒளியை அளப்பது, 1960-இல் லேசர் பிறந்த பிறகே நடைமுறைக்கு எளிதாயிற்று. அகச்சிவப்பு முறைக்கு ஈரம் பெரும் இடையூறு. ராமன் முறைக்கு நீர் ஏறத்தாழ ஒளிபுகும் பொருளாகவே அமைகிறது. கறையைத் தொடவேண்டியதில்லை, உலர்த்த வேண்டியதில்லை, வேதிப்பொருள் சேர்க்க வேண்டியதில்லை. அளந்து முடித்த பின் அதே கறையை டி.என்.ஏ. ஆய்வுக்கு அனுப்பலாம்.

மரபான முதற்கட்டச் சோதனைகளோடு ஒப்பிட்டால் இதன் மதிப்பு விளங்கும். குருதியில் உள்ள ஹீம், பெராக்சைடின் துணையோடு நிறமற்ற ஒரு பொருளை நிறமுள்ளதாகவோ ஒளிர்வதாகவோ மாற்றுகிறது என்பதை நம்பியே பினாப்தலீன் சோதனையும் லூமினால் தெளிப்பும் அமைந்துள்ளன. ஆனால் செம்பும் சலவைத் தூளும் சில காய்கறிகளின் நொதிகளும் அதே விளைவைத் தரக்கூடியவை. அடுப்படியில் செம்புப் பாத்திரங்களும் புளி போட்டுத் துலக்கிய நீரும் புழங்கும் ஒரு வீட்டில் இத்தகைய பொய்க்குறி அரிதானதன்று. அமெரிக்காவில் ஆல்பனி பல்கலைக்கழகத்தில் இகோர் லெட்னெவ் தலைமையிலான குழு, குருதி, விந்து, உமிழ்நீர், வியர்வை ஆகியவை ஒவ்வொன்றும் தனித்த ராமன் நிறமாலையைத் தருகின்றன என்று நிறுவியது. குருதியில் ஹீம் வளையத்தின் அதிர்வுகளும், பினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தால் 1003 என்ற அலையெண்ணில் எழும் கூரிய முகடும் தெரிகின்றன. அலையெண் என்பது ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை. அதிர்வு நிறமாலைகள் அந்த அளவிலேயே குறிக்கப்படுகின்றன. விந்தில் ஸ்பெர்மைன் சேர்மத்தின் முகடுகள் மேலெழுகின்றன. ஒரே திரவம் ஆளுக்கு ஆளும் ஒரே துளிக்குள் இடத்துக்கு இடமும் வேறுபடுவதால், ஒற்றை நிறமாலையை நம்பாமல், கறையின் பல புள்ளிகளில் அளந்து, அவற்றைப் புள்ளியியல் முறையில் வகைப்படுத்துவதே இக்குழுவின் வழி. அளவீடுகளின் திரளிலிருந்து பொருளின் தன்மையைக் கணிக்கும் இந்தக் கணிப்பியலை வேதியளவையியல் என்பர். அதன் பலமும் பலவீனமும் ஒன்றே: எந்த மாதிரிகளைக் காட்டிப் பயிற்றுவிக்கப்பட்டதோ அவற்றைத்தான் அது அறியும்.

செட்டிநாட்டுப் பரப்புகளைப் பற்றி நின்று பேச வேண்டியது இங்கேதான். இப்பகுதியின் பழைய வீடுகளில் சுவரின் மேற்பூச்சு, நன்கு அரைத்த சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்ச் சாறும் சேர்த்துத் தேய்க்கப்பட்டது என்பது கொத்தனார்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. வெள்ளைக்கரு புரதம். அகச்சிவப்பு நிறமாலையில் குருதியை அடையாளம் காட்டும் முதன்மைக் குறிகளும் புரதத்தின் குறிகளே: 1650 அலையெண்ணை ஒட்டி அமைடு ஒன்று எனப்படும் பட்டையும், 1540-ஐ ஒட்டி அமைடு இரண்டு எனப்படும் பட்டையும். புரதம் தேய்த்த சுவரில் புரதத்தின் பட்டை தெரிகிறது என்று ஓர் ஆய்வறிக்கை கூறினால், அந்தக் கூற்று கறையைப் பற்றி எதையும் மெய்ப்பிக்காது. ஆனால் வெள்ளைக்கருவில் ஹீம் இல்லை. சுண்ணாம்பும் புலனாகும் ஒளியைப் பெரிதும் அப்படியே திருப்பி அனுப்புகிறது. ஆகவே அத்தகைய சுவரில் அகச்சிவப்பை விடுத்து, 415, 542, 577 நானோமீட்டர்களில் விழும் பள்ளங்களைத் தேடும் எதிரொளிப்பு நிறமாலையே பொருத்தமான வழி.

தரைக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிறது. ஆத்தங்குடிக் கல் சுடப்படுவதன்று. கண்ணாடித் தகட்டின்மேல் வைத்த அச்சில் நிறமேற்றிய சிமெண்டுக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்தி எடுக்கப்படுவது. அதன் சிவப்புக்குக் காரணமான இரும்பு ஆக்சைடு, ஏறத்தாழ 550 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களைத் தானே விழுங்கிவிடுகிறது. சுவரில் கைகொடுத்த ஹீமின் பள்ளம் இங்கே அந்தப் பெரும் உறிஞ்சலுக்குள் மூழ்கிவிடும். எனவே புரதக் குறிகளுக்குத் திரும்ப வேண்டும். அங்கும் ஓர் இடறல் உள்ளது. இறுகிய சிமெண்டுக்குள் பிணைந்திருக்கும் நீர் 1640-ஐ ஒட்டி அதிர்வதால் அமைடு ஒன்று பட்டையோடு கலந்துவிடுகிறது. 1540-இல் வரும் அமைடு இரண்டே இந்தக் கல்லில் நம்பத்தகுந்த குறி. பளபளப்புக்காகத் தரையில் எண்ணெய் தடவித் துடைக்கும் வழக்கமும் உண்டு. எண்ணெயின் கார்பன்-ஹைட்ரஜன் அதிர்வு 1440-ஐ ஒட்டி எழுந்து, ராமன் நிறமாலையில் புரதத்தின் 1450 முகட்டோடு ஒன்றாகிவிடக்கூடும். ஒரே வீட்டுக்குள், ஒரே குருதிக்கு, சுவருக்கு ஒரு முறையும் தரைக்கு வேறொரு முறையும் தேவைப்படுகின்றன என்பதை உணராமல் ஒரே கருவியை எங்கும் நீட்டுவது, விலையுயர்ந்த கருவியைக் கொண்டு தவறான அறிக்கை எழுதுவதில் முடியும்.

துணி மற்றொரு சிக்கல். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கிச் சேலை தடித்த பருத்தி நூலில் அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு ஆகிய அழுத்தமான நிறங்களில் நெய்யப்படுவது. பருத்தியின் செல்லுலோஸ் அகச்சிவப்பில் 1000 முதல் 1150 வரை வலுவான பட்டைகளை எழுப்புகிறது. சாயங்கள் லேசர் ஒளியில் தாமே ஒளிர்ந்து, மெலிந்த ராமன் சிதறலை மறைத்துவிடுகின்றன. ஒளிர்வைக் குறைப்பதற்காக 785 நானோமீட்டர் அலைநீள லேசர் பரவலாகப் பயன்படுகிறது. கறுப்பு நூலில் அந்தக் கதிரும் வெப்பமாக மாறி, கறையையே கருக்கிவிடக்கூடும். லேசரின் வலிமையை மிகவும் தாழ்த்தி நீண்ட நேரம் அளப்பதே வழி. சேதப்படுத்தாத முறை என்ற புகழ்ச்சொல், அளப்பவரின் கவனத்தைப் பொறுத்தே மெய்யாகிறது.

கறை எப்போது படிந்தது என்ற கேள்வி செட்டிநாட்டில் தனி முக்கியத்துவம் பெறுகிறது. குடும்பத்தார் சென்னையிலும் வெளிநாடுகளிலும் வாழ, திருமணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் திறக்கப்படும் வீடுகள் இங்கே ஏராளம். அவற்றுள் நிகழ்ந்தது ஒன்று வெளிப்படுவதற்குள் நாட்கள் கடந்துவிடலாம். உடலை விட்டு வெளியேறிய குருதியில் ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் முதலில் மெட்ஹீமோகுளோபினாகவும், பின்னர் ஹெமிக்ரோமாகவும் மாறுகிறது. கறை சிவப்பிலிருந்து பழுப்புக்கு மாறுவதன் காரணம் இதுவே. நிறமாலையில் 542, 577 பட்டைகள் தளர, 630-ஐ ஒட்டிப் புதியதொரு பட்டை எழுகிறது. சோரே பட்டை குறுகிய அலைநீளம் நோக்கி நகர்கிறது. இம்மூன்று பொருள்களின் விகிதத்தைக் கொண்டு கறையின் வயதைக் கணிக்கலாம் என்று ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த பிரெமர் குழுவினர் 2011-இல் காட்டினர். ஆயின் இந்த மாற்றத்தின் வேகத்தை வெப்பமும் ஈரப்பதமும் ஒளியும் ஆள்கின்றன. வெயில் நேரே விழும் வளவின் முற்றமும், கனத்த சுவர்களுக்குள் குளிர்ந்து இருண்டிருக்கும் இரண்டாங்கட்டு அறையும் ஒரே கூரைத் தொகுதிக்குள் இருவேறு தட்பவெப்பங்கள். முற்றத்துக் கறையும் அறைக் கறையும் ஒரே நாளில் படிந்தவையாக இருந்தும் வெவ்வேறு வயது காட்டலாம். வட ஐரோப்பிய ஆய்வக வெப்பத்தில் வரையப்பட்ட அளவுகோலைச் சிவகங்கைச் சித்திரைக்குப் பொருத்திக் கறையின் வயதைச் சொல்வது, ஒருவர் அந்நேரத்தில் அங்கே இருந்தாரா இல்லையா என்ற வாழ்வா சாவா என்னும் கேள்விக்குப் பொறுப்பற்ற விடையாகும்.

குலதெய்வக் கோயில்களில் கிடா வெட்டு வழக்கத்தில் உள்ள இப்பகுதியில், ஆடையில் இருப்பது ஆட்டுக் குருதி என்பது இயல்பாக எழக்கூடிய விளக்கம். பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஹீமின் அமைப்பு ஆட்டுக்கும் மனிதனுக்கும் ஒன்றே. ஆகவே வெறும் கண்ணால் நிறமாலையை நோக்கி இரண்டையும் பிரிக்க இயலாது. மனிதர், நாய், பூனை ஆகியவற்றின் குருதியைப் புள்ளியியல் துணையோடு பிரித்துக் காட்டிய ராமன் ஆய்வுகள் உள்ளன எனினும், உல்லன்ஹூத் 1901-இல் உருவாக்கிய எதிர்ப்புரத வீழ்படிவுச் சோதனையின் வழிவந்த முறைகளும் டி.என்.ஏ.வுமே இன்றளவும் இவ்வகையில் முடிந்த முடிவைத் தருபவை. நிறமாலை அங்கே செய்யக்கூடியது, எந்தக் கறையை முதலில் அனுப்புவது என்று வரிசைப்படுத்துவது.

ராமன் சிதறலின் மெலிவைப் போக்கிய கண்டுபிடிப்பு மின்வேதியியலிலிருந்து வந்தது என்பது காரைக்குடிக்கு உறவுடைய செய்தி. 1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஃப்ளெய்ஷ்மன், ஹெண்ட்ரா, மெக்குயிலன் ஆகியோர், மின்வேதி முறையில் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயின்மேல் படிந்த பிரிடின் என்னும் சேர்மம் வியக்கத்தக்க வலுவோடு ராமன் குறியைத் தருவதைக் கண்டனர். சொரசொரப்பால் பரப்பு கூடியதே காரணம் என்று அவர்கள் கருதினர். 1977-இல் இருவேறு குழுக்கள் கணக்கிட்டுப் பார்த்தபோது, குறி இலட்சம் முதல் பத்து இலட்சம் மடங்கு வரை பெருகியிருந்தது. பரப்பின் பெருக்கம் அதற்கு ஈடாகாது. வெள்ளி, தங்கம் ஆகியவற்றின் நுண் மேடுகளில் எலக்ட்ரான்கள் ஒளியோடு கூடி ஊசலாடி, அங்கே ஒளியின் புலத்தைச் செறிவாக்குகின்றன என்பதே இன்று முதன்மையாக ஏற்கப்படும் விளக்கம். பரப்பால் மிகைப்பட்ட ராமன் சிதறல் என்று பெயர் பெற்ற இம்முறையில், துவைத்த துணியில் எஞ்சும் அளவுக்கு நீர்த்த குருதியையும் தேடிப் பார்க்க முடிகிறது. ஆனால் கறையின் ஒரு துளியை நீரில் கரைத்து உலோக நுண்துகளோடு சேர்க்க வேண்டியிருப்பதால், தொடாத ஆய்வு என்ற சிறப்பை இங்கே ஓரளவு விட்டுக்கொடுக்க நேர்கிறது.

கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஊரார் வழக்கில் சிக்ரி, இந்தத் துறைக்கு அயலானதன்று. டி.என்.ஏ. இழைகளையே சட்டகமாகக் கொண்டு தங்கம், வெள்ளி நுண்துகள்களை வரிசைப்படுத்தி, அவற்றின்மேல் ராமன் குறி மிகைப்படுவதை ஆராய்ந்த கட்டுரைகள் அங்கிருந்து வெளிவந்துள்ளன. அவை தடயவியலை நோக்கி எழுதப்பட்டவை அல்ல. எனினும் உயிரியல் மூலக்கூறும் உலோகப் பரப்பும் சந்திக்கும் இடத்தை அறிந்த கைகள் ஆத்தங்குடியிலிருந்து சில மைல் தொலைவில் இருக்கின்றன என்பது பயன்படுத்தப்பட வேண்டிய வாய்ப்பு.

இதே சிவகங்கை மாவட்டத்தில் நிறமாலை ஆய்வு ஏற்கெனவே ஒரு பெரும் தடயத் தேடலுக்கு உதவியுள்ளது. ஆனால் அந்தத் தடயங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. கீழடியில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளின் உட்புறக் கரும்பூச்சில் கார்பன் நுண்குழாய்கள் இருப்பதாக வேலூர் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020-இல் அறிவித்தபோது, அவர்கள் சார்ந்திருந்த சான்றுகளுள் ராமன் நிறமாலையும் ஒன்று. கீழடியை அடுத்த கொந்தகையின் ஈமத்தாழிகளில் கிடைத்த மனித எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கும் முயற்சிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்துவருகின்றன. வெப்ப மண்டல மண்ணில் புதைந்த எலும்பில் டி.என்.ஏ. விரைவில் சிதைகிறது. எந்த எலும்பைத் துளையிடுவது பயனுள்ளது என்று முன்கூட்டியே அறிய உலகெங்கும் கையாளப்படும் எளிய வழி அகச்சிவப்பு நிறமாலை: 1650-இல் கொல்லாஜன் புரதத்தின் பட்டை எஞ்சியிருக்கிறதா என்றும், 565, 605 அலையெண்களில் பாஸ்பேட்டின் இரட்டைப் பட்டை எவ்வளவு கூர்மையாகப் பிளவுபட்டுள்ளது என்றும் பார்த்தால், எலும்பின் படிகத்தன்மையும் சிதைவின் அளவும் தெரியவரும். எரிக்கப்பட்ட எலும்பில் இப்பிளவு மேலும் கூர்மையாகும் என்பதால், உடலை எரித்துச் சான்றை அழிக்க முயன்ற இக்கால வழக்குகளிலும் தீயின் கடுமையை இதே அளவீட்டால் மதிப்பிடலாம். தொல்லியலும் தடயவியலும் இங்கே ஒரே கருவியின் முன் நிற்கின்றன.

ஆய்வகத்தில் எவ்வளவு துல்லியம் இருந்தாலும், மாதிரி அங்கே வந்துசேர்ந்த வழி தெளிவாக இல்லையெனில் நீதிமன்றம் அதை ஏற்காது. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் நிகழ்ந்த இரட்டைக் கொலை வழக்கில், மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரிகள் கையாளப்பட்ட முறையில் இருந்த குறைகள் அந்தத் தீர்ப்பின் முக்கியக் காரணங்களுள் ஒன்று. மாதிரி எடுக்கப்பட்ட 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தை அடைய வேண்டும், யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதற்குத் தொடர் பதிவேடு இருக்க வேண்டும், விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பொதியைப் பிரிக்கக் கூடாது என்று நாடு முழுமைக்குமான நெறிகளையும் அத்தீர்ப்பு வகுத்தது. கையடக்க நிறமாலைக் கருவியின் உண்மையான பயன் இந்த இடத்தில் தெரிகிறது. பொதி கட்டுவதற்கு முன்பே, கறையின் நிறமாலையும் அதை ஒட்டிய கறைபடாத பரப்பின் நிறமாலையும் நேரக் குறிப்போடு பதிவு செய்யப்பட்டால், ஆய்வகத்தில் பிரிக்கப்படும் பொதிக்குள் இருப்பது அதே பொருள்தானா என்று ஒப்பிட ஒரு சார்பற்ற சான்று கிடைக்கும். கறைபடாத பரப்பை அளக்க மறந்தால், சுவரின் வெள்ளைக்கருவும் கல்லின் நீரும் சேர்ந்து முழுப் பதிவையும் பயனற்றதாக்கிவிடும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3)-ஆம் பிரிவு, ஏழாண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்குச் செல்வதைக் கட்டாயமாக்குகிறது; மாநிலங்கள் ஐந்தாண்டுகளுக்குள் அதை நடைமுறைப்படுத்தியாக வேண்டும். அந்த வல்லுநர் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ ஒரு வீட்டுக்குள் நுழையும்போது ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குத் தேவைப்படுவது, இந்த வட்டாரப் பரப்புகளின் நிறமாலைத் தொகுப்பு. அதை உருவாக்குவதற்கு வேண்டிய பொருள்கள் அனைத்தும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன: இடிபடும் வீடுகளின் சுண்ணாம்புச் சில்லுகள், ஆத்தங்குடிப் பட்டறைகளின் பல நிறக் கற்கள், தறியிலிருந்து நேரே வாங்கும் கண்டாங்கித் துண்டுகள், இறைச்சிக் கூடத்தின் ஆட்டுக் குருதி, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு தன்னார்வலர்கள் தரும் மனிதக் குருதி. சிக்ரியும் அழகப்பா பல்கலைக்கழகமும் தடய அறிவியல் துறையோடு கூடி, இப்பரப்புகளில் கறைகளை இட்டு, ஒரு பகுதியை வெயில் விழும் முற்றத்திலும் ஒரு பகுதியை மூடிய அறையிலும் வைத்து, சித்திரை வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் தொடர்ந்து அளந்து வருவது, சில மாணவர்களின் முனைவர் பட்ட ஆய்வுக் காலத்துக்குள் முடிக்கக்கூடிய பணிதான்.